சிப்பி ஓட்டில் 1.5 மில்லிமீட்டர் துளை

துளை அடைபட்டுவிட்டது. பிஎச் (நீரின் அமிலத்தைக் காட்டும் எண்; இறங்க இறங்க அமிலம் கூடும்) 7.3-க்கு இறக்கிவைத்த உப்புநீரில் இருந்துகொண்டே ஒரு பச்சைச் சிப்பி, தன் ஓட்டில் நான் போட்ட 1.5 மில்லிமீட்டர் துளையை உள்ளிருந்து பூசி மூடியிருக்கிறது. ஊசிமுனையால் தட்டினால் கல்லில் தட்டுகிற சத்தம். அதே பிஎச், அதே உப்பு, அதே அளவுத் துளை கொண்ட அடுத்த பெட்டியில் இரண்டு சிப்பி செத்துப்போயின. மிச்சமுள்ளவற்றின் துளையில் பழுப்பு நிறச் சவ்வு மட்டும்தான். ஊசி பட்டால் அமுங்குகிறது. இரண்டு பெட்டிக்கும் உள்ள ஒரே வேறுபாடு தீனி. இங்கே வந்து சேர்வதற்குள் என்னென்ன செய்தேன், எது இடித்தது, எவ்வளவு செலவானது என்று எழுதிவைக்கிறேன். வீட்டில் கடல் தொட்டி வைத்திருப்பவர்கள் செய்து பார்க்கக்கூடிய வேலைதான் இது.

பின்னணி அதிகம் வேண்டாம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. நாம் வெளிவிடுவதில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. அதனால் மேல்மட்டக் கடல்நீரின் பிஎச் சுமார் 8.2-இலிருந்து 8.1-க்கு இறங்கியிருக்கிறது. 0.1 தானே என்று தோன்றும். ஆனால் பிஎச் மடக்கை அளவு; அமில அயனிக் கணக்கில் அது கால் பங்குக்கும் மேலான ஏற்றம். புகை இப்படியே போனால் இந்த நூற்றாண்டின் கடைசியில் 7.8-க்கும் கீழே போகலாம். செய்தியில் இதற்கு மேல் வருவது "சிப்பி ஓடெல்லாம் கரைந்துவிடும்" என்ற ஒற்றை வரிதான், ஏதோ வினிகரில் போட்ட முட்டை ஓடு மாதிரி. உயிரோடு இருக்கிற சிப்பி சும்மா கிடந்து கரைந்துபோகுமா? எனக்கு அது நம்பும்படி இல்லை.

நான் குளச்சல் பக்கத்து ஆள். எங்கள் ஊர்ப் பாறைகளில் கிடைப்பது பழுப்புச் சிப்பி. கறிக்குக் கழுவும்போது பார்த்தால் பல ஓடுகளில் மூக்குப் பக்கம், அதாவது கூர்முனையில், மேல்தோல் தேய்ந்து வெள்ளையாகத் தெரியும். உள்ளே அதற்கு நேராக ஓடு தடித்திருக்கும். வெளியே தேயத் தேய உள்ளே ஒட்டுப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறது என்று அர்த்தம். இப்போது நான் இருக்கும் மும்பையில் பழுப்பு கிடைக்காது. பச்சைச் சிப்பி கிடைக்கும். அதனால் பச்சை.

முதலில் பெட்டிகள். செம்பூரில் எங்கள் வீடு ஒன் ரூம் கிச்சன். பெரிய தொட்டிக்கு இடமில்லை. மூடியுள்ள 10 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா நான்கு வாங்கினேன், ஒன்று 180 ரூபாய். சமையலுக்குப் பயன்படும் ரகம்தான் வேண்டும். ஒரு பெட்டி சாதா நீர், நிறைந்த தீனி. ஒன்று சாதா நீர், அரைகுறைத் தீனி. மற்ற இரண்டும் அப்படியே, ஆனால் கரியமில வாயு விட்டு அமிலமாக்கிய நீர். பெட்டிக்கு ஆறு சிப்பி, கூடவே ஒரு காலி ஓடு. அந்தக் காலி ஓட்டைச் சேர்க்கத் தோன்றியது நல்லதாய்ப் போயிற்று. பிற்பாடு அதுதான் பாதி விஷயத்தைச் சொன்னது.

தண்ணீருக்குக் கடலுக்குப் போகவில்லை. ஆலைகள் நிறைந்த ட்ராம்பே பக்கத்துக் கடல்நீரை எந்தப் பெட்டியிலும் ஊற்றத் துணிவில்லை. கிராஃபோர்ட் மார்க்கெட்டின் மீன்தொட்டிக் கடைகளில் கடல் உப்புத் தூள் கிலோ கணக்கில் கிடைக்கிறது. அங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பவளத் தொட்டிக்கு என்று விற்கும் உப்பில் ஆல்கலினிட்டியை, அதாவது அமிலத்தைத் தாங்கும் கார்பனேட் இருப்பை, தூக்கிவைத்திருப்பார்கள்; தொட்டிக்காரர் பேச்சில் அதன் அளவு கேஎச் (அலகு டிகேஎச்), 10, 11 வரை போகும். இயற்கைக் கடல்நீரில் அது 6.5, 7 அளவில்தான். ஆல்கலினிட்டி கூடினால் ஓடு கட்ட வேண்டிய பொருளும் கூடிவிடும், கேள்வியே கெட்டுப்போகும். ஆகவே மீன் மட்டும் வளர்க்கிறவர்கள் வாங்கும் சாதா உப்பு, 5 கிலோ, 1400 ரூபாய். ஆர்ஓ தண்ணீரில் லிட்டருக்கு 32 கிராம் வரும்படி கலந்து, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் சரிபார்த்தேன்.

அடியில் பவள மணல் ஒரு விரற்கடை போட்டிருந்தேன், பார்க்க நன்றாக இருக்கும் என்று. கரியமில வாயு விட ஆரம்பித்ததும் பிஎச் இறங்கும், மறுநாள் பார்த்தால் ஏறியிருக்கும். கூட்டிவிட்டால் மறுபடி இறங்கும், மறுபடி ஏறும். கேஎச் கிட்டில் பார்த்தால் 7 இருந்தது 12-க்குப் போயிருந்தது. பவள மணலும் சுண்ணாம்புதானே, அமிலத்தில் அது முதலில் கரைந்து தண்ணீரைத் தாங்கிப் பிடித்துவிட்டது. மணலை வாரிக் கொட்டிவிட்டு, வெறும் தரையோடு புதுத் தண்ணீர் ஊற்றினேன். சிப்பிக்கு மணல் தேவையும் இல்லை. அது நாரால் பெட்டிச் சுவரிலேயே பிடித்துக்கொள்கிறது. கேஎச் கிட் பற்றி ஒரு சின்ன உத்தி: மலிவான கிட்டில் 5 மில்லி நீருக்கு ஒரு சொட்டு ஒரு டிகேஎச். 10 மில்லி எடுத்துக்கொண்டால் ஒரு சொட்டு அரை டிகேஎச் ஆகிவிடும். இந்த அரை அளவு பின்னால் ரொம்ப உதவியது.

அப்புறம் வாயு. ஈஸ்ட், சர்க்கரை வைத்துப் பார்த்தேன். மும்பை வெக்கையில் அது முதல் நாட்களில் பொங்கிவழிகிறது, பிறகு படுத்துவிடுகிறது. நடுவில் நிறுத்தவும் வழியில்லை. செடித் தொட்டிக்காரர்கள் பயன்படுத்தும் இரட்டைப் பாட்டில் கிட் நல்லது. ஒன்றில் 200 கிராம் ஆப்ப சோடா, மற்றதில் 200 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைசல், மேலே அழுத்தமானியும் ஊசி வால்வும். குளிர்பானப் பாட்டில்தான் போட வேண்டும். தண்ணீர்ப் பாட்டில் அந்த அழுத்தத்தைத் தாங்காது. ஒரே கிட்டிலிருந்து இரண்டு பெட்டிக்குக் குழாயைப் பிரித்தால் வாயு எந்தப் பக்கம் எதிர்ப்புக் குறைவோ அந்தப் பக்கமே போகிறது. டி-ஜாயின்ட்டோடு மல்லுக்கட்டி அலுத்து, இரண்டாவது கிட் வாங்கினேன். ஒன்று 1250 ரூபாய்.

முதலில் 7.7 வைத்தேன், நூற்றாண்டுக் கடைசி என்று சொல்கிறார்களே அந்த அளவு. காலி ஓட்டின் எடை அசையவே இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அசையக் கூடாதுதான். நம் ஊர் வெப்பத்தில், 28 டிகிரி நீரில், ஓட்டின் மூலப்பொருளான கார்பனேட் அயனி இன்னும் போதிய அளவு இருக்கிறது, 7.7-இல் ஓடு தானாகக் கரையத் தொடங்காது. குளிர்ந்த கடல்களில் கதை வேறு, அங்கே கரைகிற எல்லை சீக்கிரமே வந்துவிடும். ஓடு வெறும் கல்லாகவே தோற்றுப்போகிற நிலையில் உயிருள்ள சிப்பி என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் என் நோக்கம். அதனால் 7.3-க்கு இறக்கினேன். அங்கே காலி ஓடு எடை இழக்க ஆரம்பித்தது. ஆகவே இது 2100-ஆம் ஆண்டின் அரபிக் கடலை வீட்டுக்குள் கொண்டுவந்த சோதனை அல்ல. அதைவிடக் கடுமையானது.

சாதா நீர்ப் பெட்டிகளிலும் ஒரு தொல்லை. வாயு விடாத பெட்டியில் காலையில் 7.85 காட்டும், மதியம் 8.1. பேனா மீட்டர் கெட்டுப்போயிற்று என்று 6.86, 9.18 தூள்களைக் கரைத்துத் திரும்பத் திரும்ப அளவுசெய்தேன். மீட்டரில் குறையில்லை. மழைக்காலம், ஜன்னல் எல்லாம் சாத்தி, ஒரே அறையில் நான்கு பேர் தூங்குகிறோம். இரவு முழுக்க நாங்கள் விட்ட மூச்சை ஏர் பம்ப் இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. பம்பின் காற்று வாங்கும் பக்கம் ஒரு குழாய் மாட்டி ஜன்னல் இடுக்கு வழியாக வெளியே விட்டேன். 15 ரூபாய்க் குழாய். மறுநாள் காலை 8.05. பவளத் தொட்டியில் பிஎச் ஏறவில்லை என்று மருந்து மருந்தாக ஊற்றுகிறவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கலாம்.

நாரளி பூர்ணிமா கழிந்து மார்க்கெட்டில் வரத்து சீரானதும் சிப்பி வாங்கினேன். ரத்னகிரிப் பக்கத்துச் சரக்கு என்றார் மீன்காரம்மா. "மாவ்ஷி, ஐஸ் படாதது வேணும்" என்றதும் ஒரு மாதிரிப் பார்த்தார். எனக்காக ஈரச் சாக்கில் கட்டியதைத் தனியே எடுத்துவைக்கச் சொல்லி அடுத்த நாள் போனேன். ஒரு கிலோ 250 ரூபாய், 5 சென்டிமீட்டர் நீளத்தில் ஐம்பதுக்குப் பக்கம் வந்தது. தட்டினால் பட்டென்று மூடுகிறவற்றை மட்டும் பொறுக்கினேன். கொத்தாகப் பின்னிக் கிடப்பவற்றைப் பிடித்து இழுக்கக் கூடாது. நார் உள்ளே சதையோடு பிடுங்கிக்கொண்டு வரும். கத்தரியால் வெட்டினால் புது நார் விட்டுக்கொள்ளும். முதல் வாரம் எல்லாவற்றையும் ஒரே வாளியில் போட்டு, சாகிறவை சாகட்டும் என்று காத்திருந்தேன். சிலது செத்தன. செத்ததை அன்றைக்கே எடுக்காவிட்டால் வாளி முழுவதும் நாறி, மற்றவையும் போய்விடும்.

"என்னங்க, இதைத் தேங்காய் அரைச்சு வச்சிருந்தா ரெண்டு வேளைக்கு ஆச்சு" என்று வீட்டில் சொன்னது நியாயம்தான். வாளியில் போனவை போக மிஞ்சிய இருபத்து நான்கும் சோதனைக்குச் சரியாக இருந்தது. குழம்புக்கு மறுபடி மார்க்கெட் போனேன்.

துளை போடுவதுதான் ரசித்துச் செய்த வேலை. மின் துரப்பணம் வேண்டாம் என்று முடிவுசெய்தேன். ஓடு ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது, ஒரு நொடி தவறினால் சதைக்குள் போய்விடும். நாக்தேவி தெருவில் பின் வைஸ் ஒன்றும் 1.5 மில்லி பிட் மூன்றும் 280 ரூபாய்க்குக் கிடைத்தன. விரலிடுக்கில் உருட்டுகிற கருவி. மேல்தோல் வழவழப்பாக இருப்பதால் பிட் வழுக்கும். முதலில் முக்கோண அரத்தின் மூலையால் ஒரு புள்ளி கீறிக்கொள்ள வேண்டும். ஈரத் துணியில் சிப்பியைப் பிடித்து, சொட்டுச் சொட்டாக உப்புநீர் விட்டுக்கொண்டே உருட்டினால் தூள் பறக்காது. ஓட்டுத் தூளை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்கு ஆகாது. மாஸ்க் போட்டுக்கொள்ளவும். முதல் சில சுற்றில் பச்சைத் தோல் சுருளாக வரும், பிறகு வெள்ளைத் தூள், கடைசியில் கை திடீரென்று லேசாகும். அங்கே நிறுத்த வேண்டும். உள்ளே ஓட்டோடு ஒட்டியிருக்கும் மெல்லிய சதைமடிப்புதான் ஓடு கட்டுகிற கொத்தனார். அது கிழிந்துவிட்டால் சோதனை முடிந்த மாதிரி. துளையை ஓட்டின் நடுவில் போடுவது முக்கியம். விளிம்பில் அரத்தால் வெட்டினால் அது வழக்கமான வளர்ச்சியிலேயே நிரம்பிவிடும். நடுவில் என்றால் அதற்கென்று தனியாக வேலை பார்த்தாக வேண்டும்.

அடுத்த சிக்கல், ஓட்டின் எடையைச் சிப்பியைக் கொல்லாமல் எப்படி அறிவது? வெளியே எடுத்து நிறுத்தால் உள்ளே இருக்கும் தண்ணீரின் எடைதான் பாதி. மாடியில் நாகர்கோவில்காரர் ஒருவர் இருக்கிறார், ஜவேரி பஜாரில் நகை வேலை, ஆசாரி அண்ணன் என்று கூப்பிடுவோம். அவரிடம் நகைத் தராசு ஒன்று வாங்கித் தரச் சொன்னபோது விவரம் கேட்டார். "மக்கா, அதைத் தண்ணிக்குள்ள தொங்கவிட்டு நிறுத்துப் பாரு. தங்கத்துல கலப்படம் இருக்கான்னு நாங்க அப்படித்தானே பாக்கோம்" என்றார். பவளம், சிப்பி ஆராய்ச்சிக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். சதையின் அடர்த்தி கிட்டத்தட்ட கடல்நீரின் அடர்த்தி. தண்ணீருக்குள் சதைக்கு எடையே இல்லாத மாதிரி ஆகிவிடும், தராசில் தெரிவது ஓடு மட்டும். அந்த எடையை 1.6-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய உலர்ந்த ஓட்டின் எடை.

0.01 கிராம் காட்டும் தராசு 550 ரூபாய். தட்டைத் தலைகீழாக்கி, மரச் சட்டத்தின் மேல் வைத்து, தூண்டில் நரம்பில் ஒரு சுருக்குப் போட்டுக் கீழே தொங்கவிட்டேன். காற்றுக்கு ஆடாமல் இருக்க மின்விசிறியை நிறுத்த வேண்டும். சிப்பியை ஒருபோதும் காற்றில் தூக்கக் கூடாது. தூக்கினால் உள்ளே ஒரு காற்றுக்குமிழ் மாட்டிக்கொள்ளும், எடை கால் கிராம் குறைவாகக் காட்டும். கிண்ணத்தோடு முங்கவைத்து, தண்ணீருக்குள்ளேயே சுருக்கை மாட்டப் பழகினேன். புதிதாக விட்ட நாரை வெட்டிவிட்டு நிறுக்க வேண்டும். எண்ணுக்கு, பிளாஸ்டிக் அட்டைத் துண்டில் பேனாவால் எழுதிச் சூப்பர் குளூவில் ஒட்டினேன். அதன் எடையையும் முதல் நாளே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தீனி தனித் தொழில். இரண்டு லிட்டர் பாட்டிலில் நானோக்ளோராப்சிஸ் பாசியை உரக் கரைசலில் வளர்த்தேன், மேலே ஒரு எல்இடி விளக்கு, கீழே காற்று. ஒரு வாரத்தில் கீரைச் சாறு நிறத்துக்கு வந்துவிடும். வளர்ப்பது சுலபம், ஆனால் சிப்பிக்கு அது சிறந்த தீனி அல்ல. இரண்டு, மூன்று மைக்ரான் பொடி அது. செவுளின் சல்லடையில் கணிசமானது தப்பிப் போகிறது. ஐந்து மைக்ரான் அளவுள்ள ஐசோகிரைசிஸ் நன்றாகப் பிடிபடும். கடையில் பாட்டிலில் கிடைத்த கலப்புப் பாசியையும் சேர்த்துக்கொண்டேன். நிறைந்த தீனிப் பெட்டிகளுக்கு நாள்தோறும் இரண்டு வேளை, நீர் வெளிர்பச்சை ஆகும்வரை. இரண்டு மணி நேரத்தில் பெட்டி தெளிந்துவிடும். அதிகம் ஊற்றினால் சளி நூலாக வெளியே துப்பிவிடுகின்றன, அது அளவு மீறியதற்கு அடையாளம். அரைகுறைப் பெட்டிகளுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு. ஸ்பாஞ்ச் ஃபில்டரைத் தீனி நேரத்தில் நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் பாசியை அது தின்றுவிடும். வாரம் ஒருமுறை மூன்று லிட்டர் தண்ணீர் மாற்றம்.

சரி, என்ன நடந்தது?

முதல் வாரத்திலேயே எல்லாப் பெட்டியிலும் துளைக்குக் கீழே மங்கலான சவ்வு வந்துவிட்டது. அமிலப் பெட்டி, சாதாப் பெட்டி என்ற பேதமே இல்லை. சதைமடிப்பு முதலில் ஒரு புரதத் திரையைப் போட்டு ஓட்டையை அடைத்துவிடுகிறது, பிறகு அதன் மேல் சுண்ணாம்புப் படிகங்களை ஏற்றுகிறது. இரண்டாவது வேலையில்தான் பிரிந்தன. சாதா நீர், நிறைந்த தீனிப் பெட்டியில் மூன்று வாரத்துக்குள் வெள்ளை படர்ந்துவிட்டது. அமிலம், நிறைந்த தீனிப் பெட்டியில் அதற்கு இன்னும் இரண்டு வாரம்போல் ஆயிற்று, ஆனாலும் ஆறும் மூடிவிட்டன. சாதா நீர், குறைந்த தீனியில் பாதி மூடின. அமிலம், குறைந்த தீனியில் ஒன்றும் இல்லை.

ஆறு வாரம் கழித்து, தண்ணீருக்குள் நிறுத்த எடையில் ஒரு சிப்பிக்குச் சராசரி மாற்றம் இப்படி வந்தது: சாதா, நிறைந்த தீனி 0.21 கிராம் கூடுதல். அமிலம், நிறைந்த தீனி 0.12 கூடுதல், சாதா, குறைந்த தீனி 0.03 கூடுதல்; அமிலம், குறைந்த தீனி 0.08 குறைவு. அமிலப் பெட்டியில் காலி ஓடு 0.06 இழந்திருந்தது. கடைசி இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டுத் தராசைச் சந்தேகப்பட்டேன், திரும்ப நிறுத்தேன். பசித்த உயிர்ச் சிப்பி காலி ஓட்டைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இழந்திருக்கிறது. ஆறு சிப்பியை வைத்து அந்த 0.02 வித்தியாசத்தின் மேல் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் செத்த இரண்டையும் திறந்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. வெளியே மேல்தோல் பளபளப்பாக, புதிது போல இருந்தது. அரிப்பு முழுக்க உள்பக்கம். முத்துப் பளபளப்பு இருக்க வேண்டிய இடம் சுண்ணாம்பு அடித்த சுவர் போல மங்கி, சொரசொரத்துக் கிடந்தது.

மேல்தோல் வெளிப்புறத்தைக் காப்பாற்றிவிடுகிறது, அது தேய்ந்த மூக்குப் பக்கம் தவிர. உள்ளே காவல் இல்லை. சிப்பி வாயை மூடிக்கொண்டு கிடக்கும்போது அதன் சொந்தக் கரியமில வாயுவும் அமிலங்களும் உள்ளே சேர்கின்றன, அவற்றைச் சமன்செய்யத் தன் ஓட்டையே உள்ளிருந்து கரைத்துக்கொள்கிறது. நல்ல நாளில் செலவழித்ததைத் திரும்பக் கட்டிவிடும். கட்டுவதற்குத் தெம்பு வேண்டும், சதைமடிப்புக்கும் ஓட்டுக்கும் நடுவில் உள்ள திரவத்திலிருந்து அமிலத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வெளி நீரும் அமிலமாக இருந்தால் அந்த வேலை இன்னும் கனக்கும். தீனி இருக்கும்வரை கூடுதல் செலவைச் சமாளிக்கிறது. இல்லாதபோது எதை விடுவது என்று பார்த்து ஓட்டை விட்டுவிடுகிறது.

ஜெர்மனியின் கீல் நகரத்துக் கடற்குடாவில் நம் சிப்பியின் உறவான நீல மட்டிகளை வைத்து மெல்ஸ்னர் குழு 2011-இல் காட்டியதும் இதைத்தான்: தீனி குறைந்தால் ஓட்டின் உள்பக்கம் அரிக்கிறது. அந்தக் குடாவில் இயற்கையாகவே கரியமில வாயு அதிகம். ஆனாலும் மட்டிகள் செழிக்கின்றன, ஏனென்றால் பாசி ஏராளம். முன்பே படித்திருந்தேன் என்றாலும் என் பெட்டியில் உள்ள ஓட்டைத் திறந்து அந்த மங்கலைக் கண்ணால் பார்த்தது வேறு.

தராசைவிட முன்னால் இதைச் சொன்னது கேஎச் கிட்தான். இரண்டாம் வாரத்திலேயே அமிலம், குறைந்த தீனிப் பெட்டியில் கேஎச் அரை அரையாக ஏறிக்கொண்டிருந்தது. மணலை எப்போதோ எடுத்தாகிவிட்டது, நான் சோடாவும் போடவில்லை. வேறெங்கிருந்து வரும்? 10 லிட்டரில் 0.2 கிராம் ஓடு கரைந்தால் ஏறக்குறைய ஒரு டிகேஎச் ஏறும். முதலில் மணல் செய்ததை இப்போது சிப்பிகள் செய்துகொண்டிருந்தன. மற்ற மூன்று பெட்டிகளிலும் கேஎச் இறங்கியது, ஏனென்றால் அங்கே ஓடு கட்டப்படுகிறது. நிறைந்த தீனிப் பெட்டிகளில் ஒவ்வொரு டிகேஎச் குறைவுக்கும் 0.3 கிராம் ஆப்ப சோடா கரைத்து ஊற்றி ஈடுகட்டினேன். ஓடு கட்டுகிறதா கரைகிறதா என்று பார்க்க 650 ரூபாய்க் கிட் போதும் என்பது எனக்கே புதுசு.

இந்தப் பெட்டிகள் சொல்லாத விஷயம் குஞ்சுகள். நான் வைத்திருந்தவை வளர்ந்த சிப்பிகள், தடித்த ஓடும் மேல்தோலும் உள்ளவை. முட்டையிலிருந்து வரும் லார்வா முதல் இரண்டு நாளுக்குள், வாயே சரியாகத் திறக்காத நிலையில், முட்டையில் கொண்டுவந்த சேமிப்பை மட்டும் வைத்து முதல் ஓட்டைக் கட்டியாக வேண்டும். அதற்கு எவ்வளவு பாசி ஊற்றினாலும் அந்த நேரத்தில் பயன் இல்லை. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் விஸ்கி கிரீக் குஞ்சு பொரிப்பகத்தில் 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆளிக் (ஆய்ஸ்டர்) குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. முதலில் நோய்க்கிருமி என்று நினைத்தார்கள். கடைசியில் காற்றடிக்கும் பருவத்தில் ஆழத்திலிருந்து மேலே வரும் குளிர்ந்த, கரியமில வாயு மிகுந்த நீர்தான் காரணம் என்று தெரிந்தது. உள்ளே வரும் கடல்நீரில் சோடா சாம்பல் கலந்து சரிசெய்தார்கள். நான் ஆப்ப சோடா கரைத்து ஊற்றியதன் பெரிய அண்ணன் அது. பொரிப்பகத்துக் குழாயில் செய்யலாம், கடலில் செய்ய முடியாது.

மொத்தச் செலவு: டப்பா 720, உப்பு 1400, ரிஃப்ராக்டோமீட்டர் 1300, பிஎச் பேனா 950, கேஎச் கிட் 650, வாயுக் கிட் இரண்டும் 2500, பின் வைஸ் 280, தராசு 550, பாசியும் உரமும் 700, சிப்பி 250, சிட்ரிக் ஆசிடும் ஆப்ப சோடாவும் திரும்பத் திரும்ப வாங்கியதில் 600. பத்தாயிரத்துக்கு நூறு ரூபாய் குறைவு. ஏர் பம்ப் ஏற்கெனவே இருந்தது. இதில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சொல்லக்கூடியவை தராசும் கேஎச் கிட்டும். பிஎச் பேனா சுமார்தான், வாரம் ஒருமுறை அளவுசெய்யாவிட்டால் 0.1 நகர்ந்துவிடுகிறது.

அடுத்த முறைக்குச் சில மாற்றங்கள் வைத்திருக்கிறேன். ஊசி வால்வைக் கையால் திருகிக்கொண்டிருப்பது போதும். அமிலப் பெட்டிகளில் நாள் முழுக்க 7.2-க்கும் 7.45-க்கும் நடுவில் ஆடியது. மின்சாரத்தில் தானே திறந்து மூடும் சொலினாய்டு வால்வோடு பிஎச் கன்ட்ரோலர் 4000 ரூபாய் சொல்கிறார்கள், அது ஒன்று. பெட்டிக்கு ஒரு காலி ஓடு போதாது, குறைந்தது மூன்று வேண்டும், அவற்றில் ஒன்றின் மேல்தோலை அரத்தால் உரித்துவிட வேண்டும். தோல் எவ்வளவு காப்பாற்றுகிறது என்பது அப்போது எண்ணாகத் தெரியும். தீனி அளவை ஐந்தில் ஒன்று, முழுசு என்று இரண்டே படியில் வைக்காமல் நடுவில் பாதியும் வைக்க வேண்டும், எந்த இடத்தில் ஓட்டைக் கைவிடுகிறது என்று பார்க்க. நாரையும் இழுத்துப் பார்க்க ஆசை. அமில நீரில் மட்டி நார் பலம் குறைகிறது என்று அமெரிக்காவில் அளந்திருக்கிறார்கள், மீன் நிறுக்கும் கொக்கித் தராசு இருந்தால் வீட்டிலும் அளக்கலாம்.

பிழைத்த சிப்பிகளைக் கடலில் விடவில்லை. வேறு ஊர்ச் சரக்கு, மாதக்கணக்கில் பெட்டித் தண்ணீரில் இருந்தது, என்னென்ன ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சொல்ல முடியாது. தின்னவும் இல்லை. அமிலப் பெட்டிகளின் வாயுவை நிறுத்தி, குறைந்த தீனிக்காரர்களுக்கும் இப்போது இரண்டு வேளை பாசி போகிறது. சவ்வோடு நின்றுபோன துளைகளில் இரண்டில் வெள்ளை தெரிய ஆரம்பித்திருக்கிறது. ஐசோகிரைசிஸ் தாய்க் கரைசலுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், வந்ததும் நானோக்ளோராப்சிஸ் பாட்டிலை அதிலிருந்து தள்ளி, அடுத்த அறையில் வைக்க வேண்டும். ஒன்று மற்றொன்றில் ஒரு சொட்டு தெறித்தாலும் பத்து நாளில் நானோதான் மிஞ்சும்.